புராமாவின் காது

புராமாவுக்கு வாய் அதிகம். சைக்கிள் ரிப்பேர் செய்கிறவனுக்குக் கை ஓடினால் போதாதா, வாய் எதற்கு என்று யாராவது கேட்டால், அதற்கும் ஒரு பிற்பகல் முழுக்கப் பதில் சொல்வான். காம்பியாவில், ஃபராகுண்டா கூட்டுரோட்டில் மாமரத்தடியில் அவனுடைய தகரக் கொட்டகை. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள், தேநீர் கொதிக்கிற வாசனைக்கு வந்தவர்கள் என்று எப்போதும் நாலு பேர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேரிடமும் அவன் அலுக்காமல் அடித்துக்கொண்டிருந்த பெருமை தன் காதைப் பற்றியது. எந்த சைக்கிள் மணியானாலும் சத்தத்தை வைத்தே அது யாருடையது என்று சொல்லிவிடுவானாம்.

சொல்லவும் செய்வான். வளைவில் மணி கேட்டதும், ட்யூபிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வாங்க இமாம், பின் சக்கரம் இன்னும் ஆடுதா?" என்பான். இமாம்தான் வருவார். உட்கார்ந்திருப்பவர்கள் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள்.

உண்மையைச் சொன்னால், அதில் பாதிகூடக் காது இல்லை. பிற்பகல் தொழுகைக்கு முன்னால் இமாம் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். சுகாதார நிலையத்து நர்ஸ் வளைவுப் புழுதியில் மணியடிக்கும்போதே தும்முவாள். மீன்காரனுக்கு முன்னால் மீன் வாசனை வந்துவிடும். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் புராமா சொல்வான். தப்பாகிப் போனால், மணியை மாற்றிவிட்டார்கள் போல என்று சமாளித்துக்கொள்வான். யாருக்கும் நஷ்டமில்லாத பொய், ஊருக்கும் பொழுது போயிற்று.

நஷ்டம் வந்தது ஜனாதிபதித் தேர்தலோடு.

காம்பியாவில் ஓட்டு என்பது கோலிக்குண்டு. வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வந்து பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவனும் இதில் ஏமாற மாட்டான். வேட்பாளருக்கு ஒரு இரும்புப் பீப்பாய், அவரவர் கட்சி நிறத்தில் பெயிண்ட், மேலே அவருடைய படம். மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்தவருடைய பீப்பாய்க் குழாயில், அதிகாரி கையில் கொடுத்த கோலியைப் போட வேண்டும். உள்ளே அது ஒரு மணியில் பட்டு 'டிங்' என்று ஒரு தரம் அடித்துவிட்டு மணலில் விழும். மணல் எதற்கென்றால் இரண்டாவது சத்தம் வரக்கூடாது என்பதற்காக. ஒரு ஆளுக்கு ஒரு டிங். இரண்டு கேட்டால் திருட்டுத்தனம், ஒன்றுமே கேட்கவில்லை என்றால் கோலியை மடியில் கட்டிக்கொண்டு வருகிறான் என்று அர்த்தம். அந்தச் சத்தமும் சைக்கிள் மணியும் ஒன்றுபோல இருப்பதால், தேர்தலன்று பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு சைக்கிளையும் விட மாட்டார்கள். எல்லாம் கால்பந்து மைதானத்தின் அந்தக் கோடியில், மணிச் சத்தம் போய்ச் சேராத இடத்தில், நிற்க வேண்டும்.

இந்தத் தடவை மூன்று பீப்பாய். ஜனாதிபதிக்கு ஆரஞ்சு. அவரை எதிர்ப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து நிறுத்திய ஆளுக்கு நீலம். மூன்றாவது வெள்ளை, அதற்கு அந்த வேட்பாளரின் மனைவியாவது போடுவாளா என்பதே சந்தேகம்.

வாக்குப்பதிவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஆரஞ்சுக் கட்சியின் வட்டாரத் தலைவர் அல்ஹாஜி சம்புஜாங் காரை மாமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். கொட்டகை நின்ற இடமே அவருடையதுதான். இறங்கி, வீட்டார் சுகம், மாடு கன்று சுகம் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, புராமாவின் காதைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். பீப்பாய் மணியிலும் அந்த வித்தை நடக்குமா என்று கேட்டார்.

அந்த இடத்தில் 'நடக்காது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாலு பேர். வாய் முந்திக்கொண்டது.

"நடக்கும் அல்ஹாஜி. பெயிண்ட் கொஞ்சம் தடிமனா இருந்தாலே இரும்போட சத்தம் மாறும். பீப்பாய்க்குப் பீப்பாய் வேற வேறதான்" என்றான் புராமா.

அல்ஹாஜி அவன் தோளில் கை போட்டார். வாக்குச்சாவடியில் கட்சி ஏஜென்டாக உட்காரச் சொன்னார். தேர்தல் முடிந்ததும் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஒன்று வந்து இறங்கும் என்றார். கைப்பம்பில் காற்றடித்து அடித்துத் தோள்பட்டை போன புராமாவுக்கு அந்தச் சொல்லே குளிர்ச்சியாக இருந்தது. மற்றதை அவன் யோசிக்கவில்லை. யோசித்துப் பேசுகிறவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அல்ஹாஜி சந்தையிலும் பள்ளிவாசல் வாசலிலும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்: இந்தத் தடவை பீப்பாய் பக்கத்தில் ஒரு காது வைத்திருக்கிறோம்.

மறுநாளிலிருந்து கொட்டகையில் தேநீர் ஆறிப்போயிற்று. எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் வீட்டில் சமாதானமா, பிள்ளைகள் சமாதானமா, வயல் சமாதானமா என்று கேட்டு முடிப்பதற்குள் ஒரு பஞ்சரே ஒட்டிவிடலாம். இப்போது புராமா "வீட்டுல சமாதானமா?" என்று ஆரம்பித்தால், "சமாதானம்" என்று ஒரே சொல்லோடு நடையைக் கட்டினார்கள். நர்ஸ் வளைவுக்கு முன்னாலேயே இறங்கி, மணியைக் கையால் பொத்திக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாள். தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு போனாள், பாவம்.

ஊர் கிடக்கட்டும், வீடுதான் தாங்க முடியவில்லை. அவன் மனைவி சிரே எப்போதும் ஒரே பெரிய தாலத்தில் சோற்றைக் கொட்டி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்படி வைப்பாள். அந்த வாரம் அவனுக்குத் தனிக் கிண்ணம் வந்தது, விருந்தாளிக்கு வைப்பதுபோல. பிள்ளைகள் அவளோடு தாலத்தில். அவன் கிண்ணத்தோடு மூலையில்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவள் தம்பி யாங்கூபா, கால்பந்துப் போட்டிகளுக்கு நடுவராக ஊதுகிறவன், இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் தேநீர்க் கூட்டத்தில் ஜனாதிபதியைப் பற்றி ஒரு கேலி சொன்னான். பெரிய கேலிகூட இல்லை. நம்பர் இல்லாத கார் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. எங்கே வைத்திருக்கிறார்கள், உயிரோடுதான் வைத்திருக்கிறார்களா என்று எந்த அலுவலகத்திலும் சொல்லவில்லை. சிரே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவனுக்காகச் சோறு எடுத்துக்கொண்டு போய், ஏதாவது ஒரு சிறை வாசலில் நின்றுவிட்டு, அதே சோற்றோடு திரும்பி வருவாள்.

"என் தம்பிய யாரும் கண்ணால பாத்துப் புடிச்சுக் குடுக்கல. அவன் பேசினத யாரோ காதால கேட்டுப் போய்ச் சொன்னாங்க. இப்ப என் வீட்டுலயே ஒரு காது" என்றாள்.

புராமா கிண்ணத்தைக் கீழே வைத்தான். கதவைச் சாத்தினான். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாததைச் சொன்னான்.

"சிரே, எனக்கு ஒண்ணும் தெரியாது. மூணு மணியும் எனக்கு ஒரே சத்தம்தான். சைக்கிள் மணியே பாதி நேரம் தெரியாது. இத்தனை வருஷமா நான் சும்மா அளந்துட்டு இருந்தேன்."

"யாருக்குக் காது குத்துறீங்க? நான் சந்தையிலேருந்து வர்றப்ப வளைவு திரும்புறதுக்கு முன்னாலயே வெங்காயம் கிடைச்சுதான்னு கேட்டவர் நீங்க."

"அது உன் சைக்கிள் செயின் கவருல உரசுற சத்தம். மணி இல்ல."

"பாத்தீங்களா. செயின் உரசுறதுகூட உங்களுக்குக் கேக்குது."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். சத்தியம் செய்தான். எவ்வளவுக்கு எவ்வளவு சத்தியம் செய்தானோ அவ்வளவுக்கு அவ்வளவு அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் சொன்னாள்:

"நீலத்துல தைரியமாப் போடுன்னு சொல்றதுக்குத்தானே இதெல்லாம்? நான் போடுவேன். நீங்க போய் அல்ஹாஜிகிட்ட என் பேரச் சொல்லுவீங்க. யாங்கூபா உயிரோட இருந்தா, அதோட அவனும் போவான்."

இப்படியும் ஒரு மனைவி நினைப்பாளா என்று புராமாவுக்கு ரோஷம் வந்தது. இரவெல்லாம் புரண்டு படுத்தான். விடிந்ததும் அவனுக்கே தோன்றியது, நினைக்காமல் என்ன செய்வாள் என்று. ஆரஞ்சில் போட அவளுக்குக் கை வராது. நீலத்தில் போடப் பயம். வரிசையிலேயே நிற்காமல் இருந்தால் அதற்கும் ஏன் என்று ஒருவன் வந்து கேட்பான். அவளை இந்த மூன்றுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது தன் வாய்தான்.

அல்ஹாஜி வீட்டுக்குப் போனான். அவர் வேப்பமரத்தடியில் சாய்வு நாற்காலியில் கோலாக் கொட்டையைப் பாக்கு மாதிரி மென்றுகொண்டிருந்தார். தனக்கு அந்தச் சத்தத்தைப் பிரித்துச் சொல்ல வராது, பெருமைக்குச் சொன்னது, மன்னிக்க வேண்டும், ஏஜென்ட் வேலைக்கு வேறு யாரையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

அல்ஹாஜி கோபப்படவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"எனக்குத் தெரியாதாடா? எங்க அப்பா காலத்துலேருந்து அந்தப் பீப்பாயப் பாக்குறேன். மூணு மணியும் ஒரே பட்டறையில அடிச்சது. நீ ஒண்ணும் கேக்க வேணாம். அங்க உக்காந்திரு. நீ கேக்குறேன்னு அவங்க நினைச்சாப் போதும்."

புராமா தன் காதைத் தடவிக்கொண்டான்.

"வேணும்னா ஊர்ல போய் உண்மையச் சொல்லிப் பாரு. எவன் நம்புறான்னு பாக்கலாம்" என்று சொல்லி, அவனுக்கும் ஒரு துண்டு கோலாக் கொட்டை உடைத்துக் கொடுத்தார்.

அதை வாயில் போட்டுக்கொண்டு, கசப்போடு வீட்டுக்கு நடந்தான். விலகிவிடலாம்தான். ஆனால் ஒரு கேலிக்காக யாங்கூபாவைக் கொண்டுபோனவர்கள், இதற்காக என்னதான் செய்ய மாட்டார்கள். கொட்டகை வேறு அவர் நிலத்தில் நிற்கிறது. அதனால் தேர்தலன்று காலையில், சட்டையில் ஆரஞ்சு அட்டையைக் குத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

மைதானத்தின் இந்தக் கோடியில் பள்ளிக்கூடம். விடியற்காலையிலேயே வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி வேலி வரைக்கும் வந்துவிட்டது. சிரேவும் மற்றப் பெண்களோடு நின்றாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

சாவடித் தலைவி பிரிக்காமாவிலிருந்து வந்த ஒரு டீச்சர், பெயர் இசத்து. பிள்ளைகளை மிரட்டிப் பழகிய குரல். எல்லோரும் பார்க்கும்படி பீப்பாய்களைக் கவிழ்த்துக் காட்டினாள், மணலைக் கொட்டினாள், மூடினாள். பூட்டி முத்திரை வைப்பதற்கு முன்னால், மணி அடிக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் ஒரு கோலியைப் போட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் நீலக் கட்சி ஏஜென்ட் அன்சுமானா எழுந்தான்.

அன்சுமானா ரொட்டி சுடுகிறவன். அவன் வம்சமும் புராமா வம்சமும் கேலிச் சொந்தம். என்ன திட்டினாலும், அடிமை என்று கூப்பிட்டாலும்கூட, கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்துக்கொண்டால் அது அவமானம். தாத்தாக்கள் காலத்து ஏற்பாடு. ஊரே புராமாவோடு பேசாமலிருந்தபோதும் அவன் மட்டும் திட்டிக்கொண்டிருந்தான்.

"டீச்சர், ஒரு நிமிஷம். இதோ உக்காந்திருக்கானே, இவன் என் அடிமை. இவனுக்குக் காது கேக்கும்னு ஊரெல்லாம் நடுங்குது. சுவத்தப் பாத்து நிக்கச் சொல்லுங்க. நான் கோலியப் போடுறேன், எந்தப் பீப்பாய்னு சொல்லட்டும். கழுதைக்குக்கூட இவனவிட நல்லாக் காது கேக்கும்."

வரிசையில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு எழுந்தது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் ஆகட்டும் என்றாள். புராமாவுக்கு அப்படியே அன்சுமானாவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நாலு பேர் பார்க்கத் தோற்றுப்போனால் எல்லாக் கஷ்டமும் தீர்ந்தது. சுவரைப் பார்த்து நின்றான்.

டிங்.

"நீலம்" என்றான், வாயில் வந்ததை.

பின்னால் யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தான். அன்சுமானாவின் கை நீலப் பீப்பாய் மேல் இருந்தது.

"இன்னொரு தடவை" என்றான் அன்சுமானா, குரல் கொஞ்சம் இறங்கி. புராமா மறுபடி சுவரைப் பார்த்தான். இந்தத் தடவை தப்பாகச் சொல்லியே ஆக வேண்டும். எவனாவது ஒரே பீப்பாயில் இரண்டு தரம் போடுவானா? மாட்டான். ஆகவே நீலம் என்றே சொன்னால் தோல்வி நிச்சயம்.

டிங்.

"நீலம்."

அவனை ஏமாற்றுவதற்கென்றே அன்சுமானா இரண்டாவது கோலியையும் நீலத்திலேயே போட்டிருந்தான்.

அன்சுமானாவின் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் விளையாட்டு போதும் என்று பூட்டைப் போட்டாள். "ஐயோ, குருட்டாம்போக்குல வந்தது" என்று புராமா வரிசையைப் பார்த்துச் சொன்னான். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடந்தது தாழ்வாரத்திலிருந்து வேலி வரைக்கும் காதோடு காதாகப் போய்ச் சேர்ந்தது. சாவடியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் வாதுமை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அல்ஹாஜிக்கும் போய்ச் சேர்ந்தது. அவருக்கே ஒரு நொடி ஆச்சரியம். பிறகு கோலாக் கொட்டைச் சிவப்புப் பல் தெரியச் சிரித்தார்.

முதலில் நாலைந்து பேர் போட்டார்கள். உள்ளே போனவர்கள் பெஞ்சில் இருந்த புராமாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனார்கள், டிங் என்றதும் ஓடுகிற மாதிரி வெளியே வந்தார்கள். அப்புறம் வரிசை கரையத் தொடங்கியது. ஒருத்திக்கு அடுப்பில் ஏதோ தீய்கிறதாம். ஒருவருக்கு வயிறு சரியில்லையாம். தையல்காரருக்குக் கடையைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொருவராக வேலியைத் தாண்டினார்கள். சிரே நின்ற இடத்துக்கு முன்னால் பெரிய இடைவெளி விழுந்தது. அவள் ஓட்டு அட்டையைத் தன் மஞ்சள் துணியின் முனையில் முடிந்துகொண்டு, முதல் தடவையாகப் புராமாவை நேராகப் பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை, அவனை யாரோ என்று பார்க்கிற பார்வை. பிறகு வரிசையை விட்டு விலகினாள்.

புராமா எழுந்தான். எழுந்தது கால்தான், அவன் ஒன்றும் முடிவு செய்யவில்லை. சட்டையிலிருந்து அட்டையைக் கழற்றி பெஞ்சில் வைத்தான்.

"எங்க போறீங்க? ஏஜென்ட் இடத்தை விட்டுப் போகக் கூடாது" என்றாள் டீச்சர்.

"சைக்கிளப் பாக்கப் போறேன், டீச்சர்."

வெளியே வந்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று இப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. மைதானத்தின் நடுவே, எல்லோரும் பார்க்க, வெயிலில் நடந்தான். இரண்டு கோல் கம்பங்களையும் தாண்டி, மணிச் சத்தம் எட்டாத இடம் என்று அரசாங்கமே அளந்து விட்ட அந்தக் கோடியில், ஊர் சைக்கிள்களெல்லாம் சாய்ந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவில் மணலில் உட்கார்ந்தான். சும்மா இருக்கக் கை வரவில்லை. எப்போதும் சட்டைப்பையில் கிடக்கிற ஸ்பேனரை எடுத்து, இமாமுடைய சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஆடுகிற பின் சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

பள்ளிக்கூடத்து வாசலில் நின்றவர்கள் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள். அவனும் நிமிர்ந்து பார்த்தான். உள்ளே யாரோ போய் யாரோ வந்தார்கள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. காற்றும் ஒரு ஆட்டின் கத்தலும்தான்.

அல்ஹாஜி நீண்ட அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்தார். அவர் நடந்து ஊர் பார்த்ததே இல்லை.

"எழுந்து வா."

"இங்கேருந்து ஒண்ணும் கேக்கல அல்ஹாஜி."

"நீ கேக்க வேணாம்னுதானேடா சொன்னேன்."

"அதான் இங்க வந்துட்டேன்."

அல்ஹாஜி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "உனக்கு ஒரு மச்சான் இருந்தான். ஞாபகம் இருக்கா?"

புராமா கையிலிருந்த ஸ்பேனர் மணலில் விழுந்தது. அவன் வீரன் ஒன்றும் இல்லை. எழுந்து அவர் பின்னாலேயே போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் தூரத்தில், வேலி ஓரத்தில், மஞ்சள் துணி கட்டிய ஒருத்தி வீட்டுக்குப் போகாமல் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தூரத்திலிருந்து அவளுக்குப் பேச்சு கேட்காது. அவன் எழுந்தானா உட்கார்ந்திருந்தானா என்பதுதான் தெரியும். ஸ்பேனரைத் தேடி எடுத்தான். சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது, அல்ஹாஜி திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

ஆரஞ்சு பெஞ்சில் தன் அக்கா மகனை உட்கார வைத்தார். அந்தப் பையனுக்கு மணிச் சத்தத்துக்கும் சட்டி மூடிச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். அன்சுமானா அதைச் சத்தமாகவே சொன்னானாம். வேலிக்கு வெளியே நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்பில் தீய்ந்தது தீயட்டும் என்று முதலில் அந்தப் பெண் திரும்பி வந்தாள். பிறகு தையல்காரர். பிற்பகலில் வரிசை வேலியையும் தாண்டி, ரோடு வரைக்கும் வளைந்தது.

மஞ்சள் துணி உள்ளே போவதைப் புராமா பார்த்தான். சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். மை பட்ட விரலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடுவில் என்ன நடந்தது என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருந்ததில் அவ்வளவு நிம்மதி.

சாவடி மூடுகிற நேரத்துக்குக் கடைசி ஆளாகப் போய் அவனும் விரலை மையில் முக்கினான். எண்ணிக்கை பார்ப்பதற்காகப் பெண்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், சிரேவும் இருந்தாள். மறைப்புக்குப் பின்னால் மூன்று பீப்பாய்கள். ஆரஞ்சுப் பீப்பாய் மேலிருந்த படத்தில் ஜனாதிபதி அவனையே பார்த்துச் சிரித்தார். கோலி கைச்சூட்டில் வெதுவெதுப்பாகிவிட்டது. போட்டான். டிங் என்றது, ஊரில் ஓடுகிற ஏதோ ஒரு சைக்கிளின் மணி மாதிரி.

கோலிகளைக் குழிப் பலகையில் அடுக்கி எண்ணினார்கள். ஆரஞ்சுக்கு ஒரு பலகைகூட நிரம்பவில்லை. நீலத்துக்குப் பலகை போதாமல், ஆரஞ்சுப் பலகையைக் காலி செய்து எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெள்ளையில் நாலு கோலி இருந்தது, யார் போட்டார்களோ. யாரும் கைதட்டவில்லை. நாடு முழுக்க எண்ணி ரேடியோ சொல்லும்வரை எதுவும் நிச்சயமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நர்ஸ் அடக்கி வைத்திருந்த தும்மலையெல்லாம் சேர்த்துத் தும்மினாள். அல்ஹாஜி அதற்கு முன்பே போய்விட்டார். நாளைக்குள் கொட்டகை அந்த இடத்தில் இருக்கக் கூடாது என்று அவருடைய டிரைவர் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

இருட்டுகிற நேரத்தில் புராமா வீட்டுக்குள் நுழைந்தபோது மூலையில் கிண்ணம் இல்லை. பாயில் பெரிய தாலம் இருந்தது, நிலக்கடலைக் குழம்பு ஊற்றின சோறு, நடுவில் மீன். பிள்ளைகள் ஏற்கெனவே கையை நீட்டிவிட்டார்கள். அவன் கை கழுவிவிட்டு, இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"கொட்டகைய எங்க போடப் போறீங்க?" என்று கேட்டாள் சிரே.

"அன்சுமானா அடுப்புப் பக்கத்துல இடம் இருக்காம். அடிமைக்கு இடம் குடுக்கிறது எஜமான் கடமைன்னான்."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. பக்கத்து வீட்டில் ரேடியோ ஏதோ ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நீங்க நீலத்துலதான் போட்டீங்க" என்றாள், தாலத்தைப் பார்த்தபடி.

அவன் கை வாய்க்குப் போகாமல் நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டுச்சு. தாழ்வாரத்துலதானே இருந்தேன்."

"மூணும் ஒரே சத்தம் சிரே. சத்தியமா."

"உங்களுக்கு ஒரே சத்தமா இருக்கும். உங்களுக்குத்தான் காது கிடையாதே" என்றாள். நடுவிலிருந்த மீனைப் பிய்த்து, முள் இல்லாத துண்டாகப் பார்த்து, அவன் பக்கம் தள்ளினாள்.